அக்காவின் பங்கு

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'வேலை ஓயாத வீடும் உடன்பிறந்தோரும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பாசத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட முடியும். 1961இல் வந்த 'பாசமலர்' இன்று தொலைக்காட்சியில் ஓடினாலும் வீட்டில் யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பாசத்தைப் பேசக் கவிஞர்கள் இருக்கிறார்கள், திரைப்படக்காரர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பாசத்துக்கு அடியில் கிடக்கும் உழைப்பைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன். தாயும் தகப்பனும் விடிந்தது முதல் உழைக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகளை வளர்ப்பது யார்? பெரிய பிள்ளைதான். அதிலும் பெரும்பாலும் மூத்த பெண். அவள் செய்வதற்குப் பாசம் என்று பெயர் வைத்துவிட்டோம். பெயர் வைத்த கையோடு அதைக் கணக்கிலிருந்தும் எடுத்துவிட்டோம். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

பெரிய புராணத்திலிருந்து தொடங்குகிறேன். திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். திலகவதியாரைப் பல்லவர் படைத்தலைவர் கலிப்பகையாருக்கு மணம் பேசி முடித்திருந்தார்கள். மணம் நடக்கும் முன்பே அவர் போர்க்களம் போக நேர்ந்தது. அந்த இடைவெளியில் புகழனார் நோயுற்று இறந்தார், மாதினியாரும் கணவரோடு உயிர் துறந்தார். களத்துக்குப் போன கலிப்பகையாரும் திரும்பவில்லை. இனி வாழ்வில் என்ன இருக்கிறது என்று திலகவதியார் உயிர்விடத் துணிகிறார். தம்பி காலில் விழுகிறான். அக்காவும் போவதானால் அக்காவுக்கு முன் நான் போய்விடுவேன் என்று அழுகிறான். அந்தப் பையன் பிழைத்திருக்க வேண்டுமே என்பதற்காக அவர் தன் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியும். தம்பி சமணத்துக்குப் போனார், பாடலிபுத்திரத்தில் தருமசேனர் என்ற பெயரோடு பெரிய நிலைக்கு உயர்ந்தார். சூலை நோய் வந்து துடித்தபோது அவர் ஆள் அனுப்பியது அக்காவிடம். அக்கா அந்தச் சமண மடத்துக்கு வர மறுத்ததும், இரவோடு இரவாக அவரே அக்கா இருந்த திருவதிகைக்கு நடந்து வந்தார். அக்கா திருநீறு கொடுத்தார். அந்தத் தம்பி நாவுக்கரசராக நமக்குக் கிடைத்தார்.

சேக்கிழார் இதை நெஞ்சு உருகும்படி பாடியிருக்கிறார். நான் ஒவ்வொரு முறையும் யோசிப்பது அவர் பாடாமல் விட்ட நாட்களைப் பற்றி. தாய் தகப்பன் இல்லாத அந்த வீட்டில் மறுநாள் காலை அடுப்பு மூட்டியது யார்? பையனுக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தது யார்? நிலத்தைப் பார்த்துக்கொண்டது யார்? இன்னொன்றும் உண்டு. தம்பி அறுபத்து மூவரில் ஒருவர். சுந்தரரின் திருத்தொண்டத் தொகையில் தொடங்கிய அந்த வரிசையில் பெண்கள் மூவர்: காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். தம்பியை உயிரோடு வைத்திருந்த, அவரை மீட்டும் கொடுத்த திலகவதியார் அந்த வரிசையில் இல்லை. நான் சைவப் பற்று உள்ளவள்தான். அந்தப் பற்றோடுதான் இதைச் சொல்கிறேன்.

இனி என் வீட்டுக் கதை. நான் காஞ்சிபுரத்தில் ஒரு தறி வீட்டில் வளர்ந்தவள். தறி வீட்டைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் பாதிக்கு மேல் தறி எடுத்துக்கொள்ளும். மீதி இடத்தில் சமையல், படுக்கை, விருந்தாளி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம். தறிக்குழியில் காலை இறக்கி அப்பா உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அம்மா சமைத்த கையோடு ராட்டையில் உட்கார்ந்து ஊடை நூலைத் தாராகச் சுற்றுவார். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. புதுப் பாவு வந்துவிட்டால் அதன் இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அந்த நாட்களில் வீட்டில் யாரும் யாரோடும் பேச முடியாது. சேலை குறித்த நாளில் நெசவாளர் சங்கத்துக்குப் போனால்தான் கூலி, கூலி வந்தால்தான் மளிகைக் கடைப் பாக்கி தீரும்.

எங்கள் ஊர்ப் பட்டில் கோர்வைச் சேலை என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் சேரும் இடம் கிழித்தாலும் பிரியாது என்று பெயர். இதற்கு ஊடை நூலைக் குறுக்கே கொண்டு போகும் நாடாக்கள் மூன்று ஓட வேண்டும், அதனால் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்பவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பவர் ஒருவர். அந்த இரண்டாவது ஆளுக்குக் கூலி கொடுத்தால் வீட்டுக்கு மிச்சம் நிற்காது. எனவே அந்த இடம் பல தலைமுறையாகப் பிள்ளைகளின் இடமாக இருந்தது. சொந்த வீட்டில் தறி இல்லாதவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை அடுத்த வீட்டுத் தறியில் உட்கார வைத்ததும் உண்டு. அந்தக் கொடுமையை இங்கே இருக்கும் பெரியவர்கள் சிலர் அனுபவித்தே இருப்பார்கள்.

நாங்கள் நாலு பேர். மூத்தவர் அக்கா, அடுத்தது அண்ணன், பிறகு நான், கடைசியில் தம்பி. தம்பி பிறந்த வருஷம் அக்கா ஏழாவது முடித்திருந்தார். பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இரண்டு ஆள் வேலைக்கு அக்கா ஒருவர் போதும் என்று ஆகிவிட்டது. அண்ணனை நிறுத்தலாமா என்ற பேச்சு எழவே இல்லை. அக்காவை நிறுத்துவதற்கும் பெரிய பேச்சு எதுவும் நடக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது, அக்கா போகவில்லை. அவ்வளவுதான்.

தறிக்குப் பக்கத்தில் உத்தரத்தில் தூளி தொங்கும். தூளிக்கயிற்றைக் கால் விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே அக்கா கரை நாடாவைத் தள்ளுவார். குழந்தை அழுதால் அப்பா கை நிற்கும், அப்பா கை நின்றால் சேலை நிற்கும். ஆகவே குழந்தை அழக் கூடாது. ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் சுமந்த பொறுப்பு அது.

நான் சாயங்காலம் பள்ளிவிட்டு வந்ததும் அக்கா கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு என்னடி நடத்தினாங்க?" என்பது. புத்தகத்தை எடுத்துத் தறியோரம் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிக்கச் சொல்வார். தறிச் சத்தத்துக்கு மேலே நான் கத்திப் படிப்பேன். "நீ படி, நான் கேட்டுக்கறேன்." நான் மறந்துபோன இடத்தை அவர் எடுத்துக் கொடுப்பார். என்னுடைய பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடம் என்னைவிட அக்காவுக்கு நன்றாகத் தெரியும். பரீட்சை எழுதியது நான். பின்னாளில் ஆசிரியையாகி முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பெடுத்திருக்கிறேன். எனக்கு முதலில் வகுப்பெடுத்தவர் அவர்தான்.

இப்படிப்பட்ட வீடு பிள்ளைகளுக்கு நல்லது எதையும் தரவில்லை என்று நான் சொல்லவில்லை. நிறையத் தந்தது. அப்பா அம்மாவுக்கு எங்கள் சண்டையைத் தீர்க்க நேரமில்லை. எனவே நாங்களே தீர்த்துக்கொள்ளக் கற்றோம். கடையில் வாங்கிய ஒரு பன்னை நாலாகப் பிய்ப்பவருக்குக் கடைசித் துண்டுதான் என்பது அக்கா போட்ட சட்டம். அந்தச் சட்டம் வந்த பிறகு துண்டுகள் எல்லாம் ஒரே அளவாகிவிட்டன. அண்ணன் காலையில் அடித்தால் மத்தியானத்துக்குள் சமாதானம் ஆகியே தீர வேண்டும். ராத்திரி ஒரே பாயில்தானே படுக்க வேண்டும்? விட்டுக்கொடுப்பது, காத்திருப்பது, அடுத்தவருக்கு எது வலிக்கும் என்று தெரிந்துகொள்வது, தெரிந்தும் அங்கே கை வைக்காமல் இருப்பது, இதெல்லாம் பெற்றோர் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்து வருவதல்ல. கூடப் பிறந்தவர்களோடு மோதி மோதி வருவது. நம்மோடு நீண்ட காலம் வாழப் போகிறவர்களும் அவர்கள்தான். பெற்றோர் நம் பிற்பாதி வாழ்க்கையில் இருக்க மாட்டார்கள், கணவனோ மனைவியோ நம் முற்பாதியில் இல்லை. ஐந்து வயதில் நாம் எப்படி இருந்தோம் என்று அறுபது வயதில் நமக்குச் சொல்லக் கூடியவர்கள் அண்ணனும் அக்காவும்தான்.

ஆனால் இந்த நன்மைகளுக்கான விலையை நாலு பேரும் சமமாகக் கொடுக்கவில்லை. அதைத்தான் மறைக்காமல் பேச வேண்டும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. ரைட் சகோதரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். 1903 டிசம்பர் 17இல் விமானத்தைப் பறக்கவிட்ட வில்பரும் ஆர்விலும். அவர்களுக்கு காத்தரின் என்று ஒரு தங்கை இருந்தார், 1874இல் பிறந்தவர். அப்பா மில்ட்டன் ரைட் கிறிஸ்தவ சபையில் பேராயர், சபை வேலையாக எந்நேரமும் பயணத்தில் இருப்பவர். அம்மா சூசனுக்குக் காசநோய். அந்த அம்மாவைப் பல ஆண்டுகள் வீட்டோடு இருந்து கவனித்துக்கொண்டவர் வில்பர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பணிவிடை பெண்ணின் இரத்தத்தில் ஊறியது என்று நினைப்பவர்கள் வில்பரை நினைத்துக்கொள்ளட்டும். 1889இல் அம்மா இறந்தார். அப்போது காத்தரினுக்குப் பதினைந்து வயது நிறையவில்லை. வீட்டுப் பொறுப்பு அந்தச் சிறுமியின் தலையில் வந்து அமர்ந்தது.

ஆனாலும் அவர் படிப்பை விடவில்லை. 1898இல் ஓபர்லின் கல்லூரியில் பட்டம் பெற்றார், டேட்டன் நகர உயர்நிலைப் பள்ளியில் லத்தீன் ஆசிரியையாகச் சேர்ந்தார். 1908 செப்டம்பரில் ஃபோர்ட் மையரில் விமானம் விழுந்து ஆர்வில் படுகாயம் அடைந்தார். காத்தரின் பள்ளியில் விடுப்புப் போட்டுவிட்டு ஓடினார், வாரக்கணக்கில் அண்ணனின் படுக்கை அருகே இருந்தார். அந்த ஆசிரியை வேலைக்கு அவர் பிறகு திரும்பவே இல்லை. 1912இல் வில்பர் இறந்த பிறகும் ஆர்விலோடு ஒரே வீட்டில் இருந்து அண்ணனுக்கு எல்லாமாக இருந்தார். 1926இல், தன் ஐம்பத்திரண்டாவது வயதில், கல்லூரிக் கால நண்பர் ஒருவரை மணந்துகொண்டார். ஆர்வில் அந்தத் திருமணத்துக்கு வரவில்லை. அதன் பிறகு தங்கையோடு பேசவும் இல்லை. 1929இல் தங்கை நிமோனியா காய்ச்சலில் சாகக் கிடந்தபோதுதான் போய்ப் பார்த்தார்.

ஆர்வில் ரைட் கொடியவர் அல்ல. தங்கை மீது உயிரையே வைத்திருந்தவர். அந்தப் பாசம் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பாசத்துக்குள்ளேயே தங்கைக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லாமல் போயிற்று. நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. 1974இல் பாலச்சந்தர் 'அவள் ஒரு தொடர்கதை' எடுத்தார். சுஜாதா நடித்த கவிதா என்ற பெண் சம்பாதித்து ஒரு குடும்பத்தையே தாங்குகிறாள். கதை முடியும்போதும் அவள் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறாள். ஊரே அந்தப் படத்தைப் பார்த்தது. படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், நம் வீட்டுக் கவிதாவுக்கு என்ன வழி என்று எத்தனை குடும்பங்கள் பேசின?

மூத்த பிள்ளை என்றாலே பொறுப்பு, அது பிறவிக் குணம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. கடைக்குட்டி என்றால் செல்லம், நடுப்பிள்ளை என்றால் அடம். 2015இல் ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர்கள் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளில் 20,000 பேருக்கு மேற்பட்டோரின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். பொறுப்புணர்வு, பிறரோடு ஒத்துப்போவது, பயப்படுவது போன்ற குணங்களுக்கும் பிறந்த வரிசைக்கும் தொடர்பு எதையும் அவர்கள் காணவில்லை. அப்படியானால் நம் அக்காக்கள் பொறுப்போடு பிறக்கவில்லை. பொறுப்பை நாம் அவர்கள் மேல் வைத்தோம். வைத்தவர்கள் நாம் என்றால் இறக்கி வைக்க வேண்டியவர்களும் நாம்தான்.

இறக்கி வைக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு வகுப்புக்கு வரும் பெண்கள் இருந்தார்கள். குழந்தை அழுதால் வெளியே போய்விடுவார்கள். ஒருநாள் வெளியே போனவள் மறுநாள் வரமாட்டாள். 1975இல் அங்கன்வாடித் திட்டம் வந்தது. 1982 ஜூலை 1இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. சின்னது பால்வாடிக்குப் போய்ச் சாப்பிட்டு அங்கேயே தூங்கும் என்றான பிறகு பெரியது வகுப்பில் உட்கார முடிந்தது. சத்துணவைப் பற்றிப் பேசும்போது வயிறு நிறைந்த கதையைச் சொல்கிறோம். அக்காவின் இடுப்பு காலியான கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அம்மா அதிகாலையில் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் தம்பி தங்கைக்குக் காலைச் சாப்பாடு செய்வது ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் வேலையாக இருந்த இடங்களை நான் அறிவேன்.

இன்றைய வீடுகளுக்கு வருகிறேன். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 1992-93இல் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரி 2.5 குழந்தைகள். 2019-21இல் அது 1.8. நாலு பேர் ஒரே பாயில் படுத்த வீடுகள் குறைந்துவிட்டன. பெற்றோரின் வேலை குறையவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், வீட்டுக்கு வந்த பிறகும் கைப்பேசியில் வேலை வருகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு அறை, இரண்டு திரை, இரண்டு டியூஷன். ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்புகிறார். பாரம் சுமக்கும் அக்கா இங்கே இல்லை என்று மகிழலாம். ஆனால் அண்ணன் தங்கை பேசிக்கொள்ளவே நேரம் இல்லாத வீடும் எனக்குக் கவலை தருகிறது.

இங்கே இருக்கும் இளம் பெற்றோருக்கு நான் படித்த ஒன்றைச் சொல்கிறேன். ஜூடி டன், கேரல் கென்ட்ரிக் என்ற இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 40 குடும்பங்களைக் கவனித்தார்கள். இரண்டாவது குழந்தை பிறக்கும் முன்பும் பிறந்த பின்பும் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, தாயும் பிள்ளைகளும் பேசுவதைக் குறித்தார்கள். 1982இல் அது நூலாக வந்தது. புதுக் குழந்தைக்கும் மனசு உண்டு, அதற்கு எது பிடிக்கும், ஏன் அழுகிறது என்று தாய் பெரிய பிள்ளையிடம் பேசிய வீடுகளில், பெரிய பிள்ளை பின்னாளில் சின்னதிடம் அதிக அன்பாக இருந்தது. எவ்வளவு எளிய வழி! "தம்பிப் பாப்பாவுக்குக் குளிருதோ? நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்பதற்குக் காசு செலவில்லை. கேட்பது வேறு, அந்தப் பிள்ளையிடமே தம்பியை ஒப்படைத்துவிட்டுப் போவது வேறு. முதலாவது உறவை வளர்க்கும். இரண்டாவது நாளாக ஆகப் பிள்ளைப் பருவத்தைத் தின்றுவிடும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், தவறே இல்லை. தினமும் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் மகனுக்கும் முறை வையுங்கள். பிள்ளைகள் சண்டை போட்டால் உடனே ஓடிப்போய்த் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒருவரை ஒருவர் அடித்துக் காயப்படுத்துவதாக இருந்தால் மட்டும் குறுக்கே நில்லுங்கள். "அக்காவைப் பார், எப்படி மார்க் வாங்குகிறாள்" என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். நான் ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தால் முறிந்த உறவுகளைப் பார்த்திருக்கிறேன்.

இனி, பலரும் மேடையில் பேசத் தயங்கும் விஷயம்: சொத்து. உடன்பிறப்பு உறவு சோதிக்கப்படுவது சார்பதிவாளர் அலுவலகத்தில்தான்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களைப் போலவே சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989இல், தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே உரிமை கொடுத்தது. பெரிய சாதனை அது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் திருமணம் ஆன மகள்களுக்கு அந்த உரிமை இல்லை. அவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். படிப்பை நிறுத்தித் தறியில் உட்கார்ந்தவர்கள், தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்தவர்கள், சீக்கிரம் கட்டிக் கொடுக்கப்பட்டவர்கள். வீட்டுக்காக அதிகம் உழைத்த மகளே வீட்டில் பங்கில்லாத மகளானாள். 1956இல் வந்த அந்த வாரிசுரிமைச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. அப்பாவின் வீட்டில் ஆண் வாரிசுகள் குடியிருந்தால், அவர்களாகப் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும் வரை பெண் வாரிசு அந்த வீட்டில் பாகம் கேட்க முடியாது. 2005இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது, திருமணம் ஆன ஆண்டு எதுவானாலும் மகளுக்கு உரிமை என்றும் ஆக்கியது. 2020 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் இந்த உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தகப்பன் உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பிரித்து முடித்த சொத்துகளை அது தொடாது.

மற்ற மதத்தவர் வீடுகளிலும் இதே கதைதான். கேரளத்தில் மேரி ராய் தன் சொந்தச் சகோதரரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய், 1986இல் சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சம பங்கு வாங்கித் தந்தார். அதற்கு முன் அவர்களுக்குக் கிடைத்தது மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது.

சட்டம் வந்துவிட்டது. வீட்டுக்குள் வந்துவிட்டதா? பாகப்பிரிவினைப் பேச்சு எழுந்ததும் அக்கா தங்கைகளுக்கு ஒரு பட்டுச்சேலையும் கொஞ்சம் பணமும் கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கேட்டால், நாங்கள் தாய்மாமன் சீர் செய்கிறோமே, பொங்கல் சீர் கொடுக்கிறோமே என்கிறார்கள். சீர் நல்ல வழக்கம், காது குத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும் என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் சீர் அண்ணன் தம்பி மனமுவந்து கொடுப்பது. பங்கு அவளுக்கே உரியது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை எடுத்துக்கொள்வது நியாயம் ஆகாது. கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயத்தில்தான் பெரும்பாலான பெண்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். பயத்தில் போடும் கையெழுத்தை விருப்பம் என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் வீட்டில் அப்பா காலமான பிறகு தறி வீட்டைப் பிரிக்க வேண்டி வந்தது. பத்திரம் எழுதுபவர் வழக்கம்போல, "பெண் பிள்ளைங்க ரெண்டு பேரும் விடுதலை எழுதிக் குடுத்துடுவாங்க இல்ல?" என்று கேட்டுக்கொண்டே எழுதத் தொடங்கினார். அண்ணன், "இல்லீங்க, நாலு பங்கு போடுங்க" என்றார். அக்கா, "எனக்கெதுக்குடா இதெல்லாம்? உங்க பிள்ளைங்களுக்கு ஆகட்டும்" என்றார். அண்ணன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். "நீ வேண்டாம்னா நாங்க மூணு பேரும் கையெழுத்துப் போடறதா இல்லக்கா." அன்றைக்குப் பத்திரம் எழுத முடியவில்லை. சில வாரம் கழித்துத்தான் அக்கா ஒத்துக்கொண்டார். வீட்டை விற்று வந்ததில் அக்காவின் பங்கு அவர் பெயரில் வங்கியில் இருக்கிறது. அந்த வட்டியில்தான் இன்று அவருக்கு மருந்து மாத்திரை. பேத்தியின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியும் அதிலிருந்துதான். யாரிடமும் அவர் கை நீட்டுவதில்லை. எங்கள் நாலு பேருக்குள் போக்குவரத்துக்கும் குறைவில்லை. பங்கு கொடுத்தால் உறவு போய்விடும் என்று சொல்பவர்களுக்கு எங்கள் வீட்டைக் காட்டுகிறேன்.

அண்ணன் தம்பிகளாக இங்கே அமர்ந்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் அக்கா தங்கை தாமாகப் பங்கைக் கேட்க மாட்டார்கள், அவர்களைக் கேட்கும் நிலைக்குக் கொண்டுவராதீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா பெயரில், தாத்தா பெயரில் உள்ள பட்டாவையும் பத்திரங்களையும் எடுத்து அக்காவின் முன்னால் வையுங்கள். இதில் உன் பங்கு இவ்வளவு என்று வாயால் சொல்லுங்கள், தாளில் எழுதியும் கொடுங்கள். அவர் வேண்டாம் என்பார். உடனே நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள், இன்னொரு முறை கேளுங்கள்.